வெளிநாட்டில் இருக்கும்போது கலவரம் வெடித்தால் என்ன செய்வது? வங்கதேசம் 2024 தரும் பாடங்கள்

2024 ஜூலை 18. வங்கதேசத் தலைநகர் தாக்காவில் உள்ள இந்தியத் தூதரகம், அங்கு வசிக்கும் இந்தியர்களுக்கு ஓர் அறிவிப்பு வெளியிட்டது. பயணத்தைத் தவிருங்கள், தங்கியிருக்கும் இடத்தை விட்டு வெளியே வருவதைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் அதன் சாரம். 24 மணி நேர உதவி எண்களும் அதில் இருந்தன. அன்று இரவுக்குள் நாடு முழுவதும் இணையம் துண்டிக்கப்பட்டது. அதன் பிறகு அந்த எண்களைத் தேடி எடுக்க வழியே இல்லை.

வெளிநாட்டில் படிப்பவர்களும் வேலை செய்பவர்களும் இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. கலவரம் முற்றிய பிறகு செய்யக்கூடியவை ரொம்பக் குறைவு. இணையமும் வங்கியும் பேருந்தும் ஓடிக்கொண்டிருக்கும் நாட்களில் என்ன செய்துவைத்தோம் என்பதுதான் பிறகு கைகொடுக்கும். வங்கதேசத்தில் நடந்ததை வைத்து அதை விரிவாகப் பார்க்கலாம்.

வங்கதேசத்தில் என்ன நடந்தது?

1971 விடுதலைப் போரில் பங்கேற்றவர்களின் வாரிசுகளுக்கு அரசு வேலையில் 30 சதவீத இட ஒதுக்கீடு இருந்தது. 2018-ல் ரத்தான அந்த ஒதுக்கீட்டை, 2024 ஜூன் 5-ம் தேதி உயர் நீதிமன்றம் மீண்டும் கொண்டுவந்தது. ஜூலை 1 முதல் மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். முதல் 2 வாரங்கள் சாலை மறியல், பேரணி என்றுதான் போனது. ஜூலை 15-ல் தாக்கா பல்கலைக்கழகத்தில் மோதல் வெடித்தது. ஜூலை 16-ல் 6 பேர் கொல்லப்பட்டார்கள். ஜூலை 18-ல் அரசுத் தொலைக்காட்சியான பிடிவியின் கட்டடத்துக்குத் தீ வைக்கப்பட்டது. ஜூலை 19 நள்ளிரவில் ஊரடங்கு அமலானது, ராணுவம் இறங்கியது.

ஜூலை 21-ல் உச்ச நீதிமன்றம் அந்த ஒதுக்கீட்டை 5 சதவீதமாகக் குறைத்தது. நிலைமை கொஞ்சம் தணிந்ததுபோலத் தெரிந்தது. ஆனால் ஆகஸ்ட் 4-ல் மறுபடியும் பெரிய வன்முறை. மறுநாள் பிரதமர் ஷேக் ஹசீனா பதவி விலகி இந்தியா வந்து சேர்ந்தார். ஆகஸ்ட் 8-ல் முகமது யூனுஸ் தலைமையில் இடைக்கால அரசு பொறுப்பேற்றது. ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 15 வரை 1,400 பேர் வரை கொல்லப்பட்டிருக்கலாம் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் பின்னர் மதிப்பிட்டது.

ஒரு கல்லூரிப் போராட்டமாகத் தொடங்கியது, நாடு தழுவிய ஊரடங்காக மாற எடுத்துக்கொண்ட காலம் 3 வாரங்கள்கூட இல்லை. அதிலும் நிலைமை தலைகீழானது கடைசி 4 நாட்களில்தான்.

இதில் இந்தியர்கள் எத்தனை பேர்?

அப்போது வங்கதேசத்தில் சுமார் 19,000 இந்தியர்கள் இருந்ததாகவும், அவர்களில் சுமார் 9,000 பேர் மாணவர்கள் என்றும் வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர் நாடாளுமன்றத்தில் தெரிவித்தார். மாணவர்களில் பெரும்பாலானோர் மருத்துவம் படிப்பவர்கள். இந்தியத் தனியார் மருத்துவக் கல்லூரிகளைவிடக் கட்டணம் குறைவு, பாடத்திட்டம் கிட்டத்தட்ட ஒன்று, ஊரும் பக்கம். தமிழ்நாட்டு மாணவர்களும் அங்கே கணிசமாக இருந்தார்கள்.

ஜூலை 20 நிலவரப்படி 778 மாணவர்கள் தரைவழி எல்லைகள் மூலமாகவும், சுமார் 200 பேர் விமானத்திலும் இந்தியா திரும்பியிருந்தார்கள். அடுத்த ஓரிரு நாளில் அந்த எண்ணிக்கை 4,500-ஐத் தாண்டியது. ஜூலை 25-ல் அது 6,700 ஆனது. நேபாளம், பூடான் மாணவர்களும் இந்தியா வழியாகவே வெளியேறினார்கள். தமிழ்நாட்டு மாணவர்களை எல்லையோர மாநிலங்களிலிருந்து சென்னைக்கு அழைத்துவர மாநில அரசு விமான டிக்கெட் ஏற்பாடு செய்தது.

ஆகஸ்ட் 5-ல் நிலைமை மறுபடி கைமீறியபோது மாணவர்களில் பெரும்பகுதியினர் ஏற்கெனவே ஊரில் இருந்தார்கள். தாக்கா விமான நிலையம் அன்று சில மணி நேரம் மூடப்பட்டது, இந்திய விமானங்கள் ரத்தாயின. ஜூலையிலேயே கிளம்பியவர்கள் இந்தச் சிக்கலில் மாட்டவில்லை.

ஆபத்து என்றால் எந்த மாதிரி ஆபத்து?

வெளிநாட்டில் வசிப்பவருக்குக் கலவர நேரத்தில் வரும் ஆபத்துகளை 4 வகையாகப் பிரிக்கலாம். ஒவ்வொன்றுக்கும் தற்காப்பு வேறு.

முதலாவது, தற்செயலாக மாட்டிக்கொள்வது. யாரும் உங்களைக் குறிவைக்கவில்லை. ஆனால் கல்வீச்சு, கண்ணீர்ப்புகை, துப்பாக்கிச் சூடு நடக்கும் தெருவில் நீங்கள் இருக்கிறீர்கள். வங்கதேசத்தில் வீட்டு மாடியிலும் ஜன்னலோரத்திலும் நின்றிருந்தவர்கள் மீதுகூடக் குண்டு பாய்ந்தது. அப்படி இறந்தவர்களில் குழந்தைகளும் உண்டு.

இரண்டாவது, வெளிநாட்டவர் என்பதற்காகவே தாக்கப்படுவது. 2024 மே மாதம் கிர்கிஸ்தான் தலைநகர் பிஷ்கெக்கில் இது நடந்தது. உள்ளூர் ஆட்களுக்கும் எகிப்து நாட்டவர்களுக்கும் இடையே நடந்த சண்டையின் வீடியோ பரவியது. மே 17 இரவு ஒரு கும்பல் வெளிநாட்டு மாணவர் விடுதிகளுக்குள் புகுந்து தாக்கியது. பாகிஸ்தான், இந்திய மாணவர்களுக்கு அந்தச் சண்டையோடு சம்பந்தமே கிடையாது. ஆனாலும் அறைக்குள் பூட்டிக்கொண்டு இருக்க வேண்டியதாயிற்று.

மூன்றாவது, துண்டிக்கப்படுவது. அடி, வெட்டு எதுவும் இல்லை. ஆனால் பணம் எடுக்க முடியாது, சாப்பாடு தீர்ந்துபோகும், மருந்து கிடைக்காது, வீட்டுக்குப் பேச முடியாது.

நான்காவது, சட்டச் சிக்கல். ஊரடங்கை மீறியதாகவோ, போராட்டத்தில் கலந்துகொண்டதாகவோ கைது ஆவது.

செய்திகளில் அதிகம் காட்டப்படுவது முதல் இரண்டும். நடைமுறையில் அதிகம் பேரைப் பாதிப்பது மூன்றாவது.

இணையம் போனால் என்னவெல்லாம் நிற்கும்?

'வாட்ஸ்அப் வராது, அவ்வளவுதானே' என்று நினைப்பவர்கள் உண்டு. தாக்காவில் நடந்தது அதைவிடப் பெரிது. மொபைல் வழிப் பணப் பரிமாற்றம் முடங்கியது. ஏடிஎம்கள் பல இடங்களில் வேலை செய்யவில்லை. அங்கே பல வீடுகளில் மின்சாரத்துக்கு முன்கூட்டியே பணம் கட்டும் ப்ரீபெய்டு மீட்டர்தான். இணையம் இல்லாததால் ரீசார்ஜ் செய்ய முடியாமல் மக்கள் மின்வாரிய அலுவலகங்களில் வரிசையில் நின்றார்கள். இதற்கு நடுவே 3 நாள் பொது விடுமுறை வேறு. வங்கிகள் ஜூலை 24-ல்தான் திறந்தன. வெளிநாட்டிலிருந்து வந்த சாதாரணத் தொலைபேசி அழைப்புகள்கூடப் பெரும்பாலும் கிடைக்கவில்லை.

பிராட்பேண்ட் இணையம் ஜூலை 23-ல் ஓரளவுக்குத் திரும்பியது. மொபைல் இணையம் வர ஜூலை 28 ஆகிவிட்டது. அதாவது மொபைலை மட்டும் நம்பியிருந்தவர்களுக்குப் பத்து நாட்களுக்கு மேல் இணையம் இல்லை.

அப்போ முன்கூட்டியே என்ன செய்யணும்?

தூதரகத்தில் பதிவு: வெளிநாடு போய்ச் சேர்ந்த முதல் வாரத்திலேயே இந்தியத் தூதரகத்தில் பெயர், முகவரி, தொலைபேசி எண், ஊரில் உள்ள உறவினர் எண் ஆகியவற்றைப் பதிவு செய்துவிட வேண்டும். இணையதளத்தில் இலவசமாகச் செய்யலாம். வீடு மாறினால் முகவரியையும் மாற்ற வேண்டும். வங்கதேசத்தில் தாக்கா தவிர சிட்டகாங், ராஜ்ஷாஹி, சில்ஹெட், குல்னா நகரங்களிலும் இந்தியாவின் துணை அலுவலகங்கள் உண்டு. உங்களுக்குப் பக்கத்தில் இருப்பது எது என்று தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். தலைநகருக்குச் சாலை மூடியிருந்தாலும் பக்கத்து அலுவலகத்துக்கு வழி இருக்கலாம்.

காகிதத்தில் எண்கள்: தூதரகம், கல்லூரி அல்லது நிறுவனத்தின் பொறுப்பாளர், வீட்டு உரிமையாளர், 2 நண்பர்கள், ஊரில் ஒரு உறவினர் ஆகியோரின் எண்களைத் தாளில் எழுதி பர்ஸில் வையுங்கள். போன் சார்ஜ் தீர்ந்தாலும், போனே பறிபோனாலும் அந்தத் தாள் இருக்கும்.

பாஸ்போர்ட் எங்கே இருக்கிறது? இது சின்னக் கேள்வி இல்லை. 2023 ஏப்ரலில் சூடான் தலைநகர் கார்ட்டூமில் சண்டை மூண்டபோது மேற்கத்திய நாடுகளின் தூதரகங்கள் அவசரமாக மூடப்பட்டன. விசாவுக்கு விண்ணப்பித்திருந்த சூடான் மக்களின் பாஸ்போர்ட்கள் உள்ளேயே மாட்டிக்கொண்டன. பாஸ்போர்ட் இல்லாமல் அவர்களால் நாட்டை விட்டு வெளியேற முடியவில்லை. விசா நீட்டிப்புக்காகக் கல்லூரியிடமோ ஏஜென்டிடமோ பாஸ்போர்ட்டைக் கொடுத்திருந்தால், ரசீது வாங்குங்கள், வேலை முடிந்த அன்றே திரும்பப் பெறுங்கள். பாஸ்போர்ட், விசா, கல்லூரி அடையாள அட்டை ஆகியவற்றின் 2 செட் நகல்கள் கையில் இருக்கட்டும். ஒரு செட் ஊரில் பெற்றோரிடம் இருக்கட்டும்.

ரொக்கம்: 10 நாள் சாப்பாட்டுக்கும், எல்லை அல்லது விமான நிலையம் வரை ஒரு வாடகை வண்டிக்கும் ஆகும் தொகையை உள்ளூர்ப் பணமாகத் தனியே எடுத்துவைப்பது நல்லது. கூடவே கொஞ்சம் இந்திய ரூபாயோ டாலரோ. எல்லை தாண்டிய பிறகு தேவைப்படும்.

சாப்பாடு, தண்ணீர், மருந்து: ஒரு வாரத்துக்கான அரிசி, பருப்பு, பிஸ்கட், குடிநீர். தினமும் மாத்திரை சாப்பிடுபவர்கள் ஒரு மாத மாத்திரையைக் கையிருப்பில் வைத்திருக்க வேண்டும். மருத்துவர் சீட்டின் நகலும் வேண்டும். ப்ரீபெய்டு மீட்டர் உள்ள வீடு என்றால் இருப்பு எப்போதும் பாதிக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளலாம்.

சுற்றுவட்டாரம்: உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் காவல் நிலையம், கட்சி அலுவலகம், அமைச்சர் வீடு, தொலைக்காட்சி நிலையம் ஏதாவது இருக்கிறதா? கோபக்காரக் கூட்டம் முதலில் போவது அங்கேதான். தாக்காவில் பிடிவி கட்டடமும் மெட்ரோ நிலையங்களும் தாக்கப்பட்டன. நேபாளத்தில் 2025 செப்டம்பரில் இளைஞர் போராட்டம் வெடித்தபோது காத்மாண்டுவின் ஹில்டன் ஹோட்டலே தீக்கிரையானது. பெரிய ஹோட்டல் என்றால் பாதுகாப்பு என்று கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. நிலைமை மோசமானால் 2 நாள் தங்க ஓர் நண்பர் வீட்டை முன்பே பேசிவைக்கலாம்.

ஊரடங்கு போட்டால் எப்படி இருக்க வேண்டும்?

ஊரடங்கு உத்தரவை வார்த்தை வார்த்தையாகக் கேட்க வேண்டும். எத்தனை மணி முதல், எத்தனை மணி வரை, எந்தப் பகுதியில், தளர்வு எப்போது என்று கவனியுங்கள். வங்கதேசத்தில் ஜூலை 20-ல் பகல் 12 மணி முதல் 2 மணி வரை மட்டும் தளர்வு கொடுத்தார்கள். அத்தியாவசியப் பொருட்கள் வாங்க அந்த 2 மணி நேரம்தான். மீறினால் சுட உத்தரவு இருந்தது. ஆகவே தளர்வு தொடங்கியதும் போய், பாதி நேரத்திலேயே திரும்பிவிடுவதுதான் புத்திசாலித்தனம். கடைசி நிமிடம் வரை வரிசையில் நிற்கக் கூடாது.

இணையம் இல்லாத நேரத்தில் உத்தரவை எப்படித் தெரிந்துகொள்வது? பேட்டரியில் ஓடும் ஒரு சின்ன ரேடியோ, டிவி, வீட்டு உரிமையாளர், பக்கத்துக் கடைக்காரர். உள்ளூர் மொழி நாலு வார்த்தை தெரிந்திருப்பது இந்த இடத்தில்தான் உதவும். 'நான் மாணவன்', 'நான் இந்த மருத்துவமனையில் வேலை செய்கிறேன்', 'ஊரடங்கு எப்போது முடியும்?' என்ற அளவுக்காவது பேசத் தெரிய வேண்டும்.

வீட்டில் இருக்கும்போது ஜன்னல், பால்கனி, மொட்டை மாடி வேண்டாம். வேடிக்கை பார்க்கவும் வேண்டாம். தெருவை ஒட்டாத உள் அறையில், தரைத்தளத்தைவிட ஒரு மாடி மேலே தூங்குவது நல்லது. இரவில் தெருப்பக்கம் விளக்கு எரியத் தேவையில்லை.

கண்ணீர்ப்புகை வந்தால் கண்ணைக் கசக்கக் கூடாது. காற்று வரும் திசையை நோக்கி, புகையிலிருந்து விலகிப் போக வேண்டும். சுத்தமான தண்ணீரால் கண்ணைக் கழுவ வேண்டும். கான்டாக்ட் லென்ஸ் போட்டிருந்தால் கழற்றிவிட வேண்டும். பிறகு உடையையும் மாற்ற வேண்டும்.

போராட்டத்தில் கலந்துகொள்ளலாமா? வீடியோ எடுக்கலாமா?

கோரிக்கை நியாயமாகவே இருக்கலாம். கூடப் படிக்கிற நண்பர்கள் அந்தக் கூட்டத்தில் இருக்கலாம். ஆனாலும் விசாவில் தங்கியிருப்பவரின் நிலை வேறு. உள்ளூர்க்காரருக்கு அபராதமாகப் போவது, வெளிநாட்டவருக்கு நாடு கடத்தலாக முடியலாம்.

இதே வங்கதேசப் போராட்டத்தின் எதிரொலியாக ஐக்கிய அரபு அமீரகத்தில் நடந்த ஒரு சம்பவம் போதும். அங்கே வேலை செய்த வங்கதேசத் தொழிலாளர்கள் தங்கள் சொந்த நாட்டு அரசை எதிர்த்துத் தெருவில் ஊர்வலம் போனார்கள். அமீரகத்தில் அனுமதியில்லாத போராட்டம் குற்றம். 2024 ஜூலை 21-ல் நீதிமன்றம் 57 பேருக்குத் தண்டனை விதித்தது. 3 பேருக்கு ஆயுள் தண்டனை, 53 பேருக்கு 10 ஆண்டு, ஒருவருக்கு 11 ஆண்டு. செப்டம்பரில் அமீரக அதிபர் மன்னிப்பு வழங்கியதால் அவர்கள் விடுதலையாகி நாடு திரும்ப முடிந்தது. ஆனால் எந்தக் குடும்பத்தைக் காப்பாற்றப் போனார்களோ, அந்த வேலை போய்விட்டது.

வீடியோ விஷயத்திலும் இதே கவனம் தேவை. போலீஸ், ராணுவம், சோதனைச் சாவடி ஆகியவற்றைப் படம் எடுப்பது பல நாடுகளில் குற்றம். குற்றமாக இல்லாத நாட்டிலும், படம் எடுப்பவரைப் போலீஸ் போராட்டக்காரராகப் பார்க்கும், போராட்டக்காரர் உளவாளியாகப் பார்ப்பார். சோதனைச் சாவடியில் போனைத் திறந்து காட்டச் சொல்வதும் உண்டு.

கிளம்பலாமா, இருக்கலாமா?

எல்லாரையும் திணறடிக்கும் கேள்வி இதுதான். தேர்வு நெருங்குகிறது, வருகைப் பதிவு போய்விடும், கட்டிய பணம் வீணாகும், டிக்கெட் விலை ஏறிவிட்டது என்று தயங்க ஆயிரம் காரணங்கள் இருக்கும்.

மருத்துவ மாணவர்களுக்கு இந்தத் தயக்கம் இன்னும் அதிகம். இந்தியாவின் 2021-ம் ஆண்டு விதிகளின்படி, வெளிநாட்டில் மருத்துவம் படிப்பவர்கள் குறைந்தது 54 மாதப் படிப்பை ஒரே கல்லூரியில் முடிக்க வேண்டும். ஆன்லைன் வகுப்பு மட்டும் போதாது, நேரடிப் பயிற்சி கட்டாயம். ஆக, ஊருக்கு வந்துவிட்டால் படிப்பு என்ன ஆகும் என்ற பயம் நியாயமானதே.

ஆனால் உக்ரைனில் நடந்ததையும் நினைவில் வைக்க வேண்டும். அது உள்நாட்டுக் கலவரம் அல்ல, போர். எச்சரிக்கைகள் எப்படி வந்தன என்பது மட்டும் இங்கே பாடம். 2022 பிப்ரவரி 15-ல் கீவ் நகர இந்தியத் தூதரகம் 'தற்காலிகமாக வெளியேறுவது பற்றி யோசியுங்கள்' என்றது. பிப்ரவரி 20-ல் தங்கியிருக்க அவசியம் இல்லாதவர்கள் வெளியேறும்படி சொன்னது. பிப்ரவரி 22-ல், ஆன்லைன் வகுப்பு பற்றிப் பல்கலைக்கழகங்கள் உறுதி சொல்லும்வரை காத்திருக்காமல் மாணவர்கள் கிளம்ப வேண்டும் என்றது. பிப்ரவரி 24-ல் போர் தொடங்கியது, வான்வழி மூடப்பட்டது. அதன் பிறகு மாணவர்கள் கடும் குளிரில் போலந்து, ருமேனியா எல்லைகளுக்கு ரயிலிலும் பேருந்திலும் நடந்தும் போய்ச் சேர வேண்டியிருந்தது.

தூதரக அறிவிப்பில் வரும் வினைச்சொல்லைக் கவனியுங்கள். 'எச்சரிக்கையாக இருங்கள்' என்பது ஒரு படி. 'அத்தியாவசியமற்ற பயணத்தைத் தவிருங்கள்' அடுத்த படி. 'தற்காலிகமாக வெளியேறுவது பற்றி யோசியுங்கள்' வந்துவிட்டால், தூதரக மொழியில் அது கிட்டத்தட்ட 'கிளம்புங்கள்' என்பதுதான். பொதுவெளியில் அதற்கு மேல் அழுத்திச் சொல்ல ஒரு தூதரகம் தயங்கும், ஏனென்றால் அது அந்த நாட்டு அரசின் மீதான நம்பிக்கையின்மையாகப் பார்க்கப்படும்.

வேறு சில அறிகுறிகளும் உண்டு. கல்லூரிகள் காலவரையின்றி மூடப்படுகின்றன. மொபைல் இணையம் மெதுவாகிறது அல்லது நிற்கிறது. ராணுவம் அழைக்கப்படுகிறது. மற்ற நாட்டுத் தூதரகங்கள் ஊழியர்களின் குடும்பங்களை ஊருக்கு அனுப்புகின்றன. இவற்றில் இரண்டு சேர்ந்து வந்தால், டிக்கெட் கிடைக்கும்போதே கிளம்புவது நல்லது. கிளம்பும் முன் கல்லூரிக்கு எழுத்தில் தகவல் கொடுத்து, முடிந்தால் விடுப்புக்கான ஒப்புதல் வாங்குங்கள். விசா காலாவதி தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். படிப்பைக் காப்பாற்ற அந்தக் காகிதம்தான் உதவும்.

கிளம்ப முடியாத நிலையும் வரும். சாலை மூடிவிட்டது, ஊரடங்கு, வழியில் மோதல் என்றால், பாதுகாப்பான அறையில் இருப்பதே மேல். பாதி வழியில் மாட்டிக்கொள்வதுதான் இருப்பதிலேயே மோசம்.

எந்த வழியாகப் போவது?

ஒரு வழியை மட்டும் நம்பக் கூடாது. வங்கதேசத்துக்கும் இந்தியாவுக்கும் 4,096 கி.மீ. எல்லை இருப்பதால் மாணவர்களுக்குப் பல கதவுகள் இருந்தன. மேற்கு வங்கத்துக்குள் வர பேனாபோல் - பெட்ராபோல், தர்ஷனா - கேதே. திரிபுராவுக்கு அகௌரா - அகர்தலா. மேகாலயாவுக்கு தமாபில் - டாவ்கி. கொமில்லா பக்கம் படித்தவர்களுக்கு தாக்கா விமான நிலையத்தைவிட அகர்தலா எல்லை பக்கம். எனவே நாட்டின் வரைபடத்தை எடுத்து, நீங்கள் இருக்கும் இடத்திலிருந்து வெளியேற 2 வழிகளையாவது குறித்துவையுங்கள். ஆஃப்லைன் வரைபடத்தை முன்பே பதிவிறக்கம் செய்துகொள்ளுங்கள்.

தனியாகப் போகாமல் குழுவாகப் போங்கள். பகலில் போங்கள். வங்கதேசத்தில் தேவைப்பட்ட இடங்களில் தூதரகம் உள்ளூர் அதிகாரிகளிடம் பேசி மாணவர் வாகனங்களுக்குப் பாதுகாப்பு ஏற்பாடு செய்தது. அதற்கு, எத்தனை பேர், எந்த வண்டி, எந்த எல்லை, எத்தனை மணிக்கு என்று தூதரகத்துக்குத் தெரிந்திருக்க வேண்டும். சொல்லாமல் கிளம்பினால் அந்தப் பாதுகாப்பு கிடைக்காது. எல்லைச் சாவடி திறந்திருக்கும் நேரத்தையும் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

விமானத்தில் போவதென்றால், ஊரடங்கில் டிக்கெட்டைக் காட்டிப் பயணிக்க அனுமதி உண்டா என்று உத்தரவில் பாருங்கள். டிக்கெட்டை அச்செடுத்துக் கையில் வையுங்கள். போனில் இருக்கும் டிக்கெட்டை இணையம் இல்லாமல் திறக்க முடியாமல் போகலாம்.

தூதரகம் என்ன செய்யும், என்ன செய்யாது?

பாஸ்போர்ட் தொலைந்தால் ஊர் திரும்ப மட்டும் பயன்படும் அவசரச் சான்றிதழ் கொடுக்கும். உள்ளூர் அரசிடம் பேசும். கைதானால், 1963-ம் ஆண்டு வியன்னா தூதரக உறவுகள் உடன்படிக்கையின் 36-வது பிரிவின்படி, நீங்கள் கேட்டுக்கொண்டால் அதிகாரிகள் தாமதமில்லாமல் உங்கள் நாட்டுத் தூதரகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். 'என் தூதரகத்துக்குச் சொல்லுங்கள்' என்று வாய்விட்டுக் கேட்பது முக்கியம். மிகவும் நெருக்கடியில் இருப்பவர்களுக்கு 2009-ல் தொடங்கிய இந்தியச் சமூக நல நிதியிலிருந்து உதவி செய்யவும் தூதரகத்துக்கு வழி உண்டு.

செய்ய முடியாதவையும் உண்டு. உள்ளூர்ச் சட்டத்தை மீறி உங்களைச் சிறையிலிருந்து எடுக்க முடியாது. ஒவ்வொரு வீட்டு வாசலுக்கும் வண்டி அனுப்ப முடியாது. மீட்பு விமானம் வரும் என்பதற்கும் உத்தரவாதம் கிடையாது. தூதரகமே ஆட்களைக் குறைக்க வேண்டியும் வரலாம். 2024 ஆகஸ்ட் 5-க்குப் பிறகு தாக்காவில் அவசியப் பணியில் இல்லாத இந்திய ஊழியர்களும் குடும்பங்களும் நாடு திரும்பினார்கள். தூதரக அதிகாரிகள் தங்கிப் பணியைத் தொடர்ந்தார்கள். அப்படிப்பட்ட நாட்களில் ஏற்கெனவே பதிவு செய்தவர்களின் பட்டியல்தான் அவர்கள் கையில் இருக்கும்.

ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். எந்த நாட்டு பாஸ்போர்ட்டோ, அந்த நாட்டுத் தூதரகம்தான் பொறுப்பு. இந்திய வம்சாவளியாக இருந்தாலும் வேறு நாட்டு பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் அந்த நாட்டுத் தூதரகத்தில்தான் பதிவு செய்ய வேண்டும்.

வேலைக்குப் போனவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டியது

மாணவர்களுக்குக் கல்லூரி என்று ஓர் இடம் இருக்கிறது, கூட்டமாகவும் இருப்பார்கள். கட்டுமானம், கடை, வீட்டு வேலை, மீன்பிடி என்று போனவர்கள் சிதறி இருப்பார்கள். பாஸ்போர்ட் முதலாளியிடம் இருக்கும். வளைகுடா நாடுகள் பலவற்றில் தொழிலாளியின் பாஸ்போர்ட்டை முதலாளி பிடித்துவைப்பது சட்டப்படி தவறு. ஆனால் பிரச்னை வந்த பிறகு அதைக் கேட்டு வாங்குவது கடினம்.

வேலை ஒப்பந்தத்தின் நகலும் சம்பள ரசீதுகளும் கைவசம் இருக்கட்டும். திடீரென்று கிளம்ப நேர்ந்தால் பாக்கிச் சம்பளத்தைப் பிறகு கேட்க ஆதாரம் அவைதான். குடியேற்ற அனுமதி தேவைப்படும் பாஸ்போர்ட்டில், அனுமதி கட்டாயமான நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடு கட்டாயம். விபத்தில் இறந்தாலோ நிரந்தர ஊனமானாலோ 10 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். சுற்றுலா விசாவில் அனுப்பும் ஏஜென்டுகள் வழியாகப் போனால் இந்தப் பதிவோ காப்பீடோ இருக்காது. தேவைப்படும்போது அரசுப் பட்டியலில் பெயரே இருக்காது.

தனியார் பயணக் காப்பீடு எடுத்தவர்களும் நிபந்தனைகளைப் படிக்க வேண்டும். போர், உள்நாட்டுக் கலவரத்தால் வரும் இழப்பைப் பெரும்பாலான பாலிசிகள் விலக்கிவைத்திருக்கும்.

2023-ல் சூடானிலிருந்து 'ஆபரேஷன் காவேரி' மூலம் 3,862 பேரை இந்தியா மீட்டது. அதற்கு அவர்கள் முதலில் கார்ட்டூமிலிருந்து நூற்றுக்கணக்கான கி.மீ. தாண்டி போர்ட் சூடான் துறைமுகம் வரை பேருந்தில் போய்ச் சேர வேண்டியிருந்தது. யார், எங்கே இருக்கிறார்கள் என்று தெரிந்தால்தான் பேருந்தையே அனுப்ப முடியும்.

ஊரில் இருக்கும் குடும்பம் என்ன செய்யலாம்?

போன் எடுக்கவில்லை என்றதும் பதறுவது இயல்பு. ஆனால் வீட்டில் 6 பேரும் மாறி மாறி அழைத்தால் அங்கே இருப்பவரின் பேட்டரிதான் தீரும். குடும்பத்தில் ஒருவர் மட்டும் தொடர்பாளராக இருக்கட்டும். தினமும் குறிப்பிட்ட நேரத்தில் பேசுவது, இணையம் இல்லாவிட்டால் எஸ்எம்எஸ், அதுவும் இல்லையென்றால் எந்த நண்பர் வழியாகத் தகவல் வரும் என்பதை முன்பே பேசிவையுங்கள். ஒரு நாள் தகவல் வராவிட்டால் அதற்கு நெட்வொர்க் காரணமாக இருக்கலாம் என்பதும் இரு தரப்புக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

பெயர், பாஸ்போர்ட் எண், கல்லூரி அல்லது நிறுவனத்தின் பெயர், தங்கியிருக்கும் முகவரி, உடன் இருப்பவர்கள் ஆகிய விவரங்களை ஒரே தாளில் எழுதி, தூதரக உதவி எண்ணுக்கும், தமிழ்நாடு அரசின் அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வுத் துறைக்கும், மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கும் கொடுக்கலாம். வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' இணையதளத்திலும் புகாரைப் பதிவு செய்யலாம்.

வாட்ஸ்அப்பில் வரும் பழைய வீடியோக்களை நம்பி, 'உடனே கிளம்பு' என்று பிள்ளைகளை அவசரப்படுத்தாதீர்கள். தெருவில் என்ன நிலைமை என்பது அங்கே இருப்பவருக்குத்தான் தெரியும். பணம் கொடுத்தால் எல்லை தாண்டிக் கூட்டிவருகிறோம் என்று அழைக்கும் இடைத்தரகர்களையும் தூதரகத்தில் விசாரிக்காமல் நம்பக் கூடாது.

சுருக்கமாக: இன்றைக்கே செய்யக்கூடிய 7 வேலைகள்

1. தூதரக இணையதளத்தில் பதிவு, முகவரி சரிபார்ப்பு.
2. முக்கிய எண்களைத் தாளில் எழுதி பர்ஸில் வைப்பது.
3. பாஸ்போர்ட் கையில் இருக்கிறதா என்று பார்ப்பது, நகல் எடுத்து ஊருக்கு ஒரு செட் அனுப்புவது.
4. 10 நாள் செலவுக்கும் ஒரு வண்டி வாடகைக்கும் ரொக்கம்.
5. ஒரு வாரச் சாப்பாடு, ஒரு மாத மருந்து.
6. வெளியேற 2 வழிகள், ஆஃப்லைன் வரைபடம்.
7. குடும்பத்தில் யார் தொடர்பாளர் என்று முடிவு செய்வது.

இவற்றில் ரொக்கத்தையும் கையிருப்பையும் தவிர மற்றவற்றுக்குச் செலவே இல்லை. எல்லாம் சேர்த்து ஒரு விடுமுறை நாளில் முடித்துவிடலாம். நாடு அமைதியாக இருந்தால் நஷ்டம் ஒன்றுமில்லை.